தீர்ந்த பேட்டரியை எங்கே போடுவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

கீழக்கரை, தொண்டி பக்கம் பல வீடுகளில் யாராவது ஒருவர் வெளிநாட்டில்தான் இருக்கிறார். சிங்கப்பூரில் தீர்ந்த பென்சில் பேட்டரியைப் போடவும் மின்கழிவுப் பெட்டி உண்டு, ஜெர்மனியில் விற்கிற கடையே பழசைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். அங்கே ஒழுங்காகப் பெட்டி தேடிப் போய்ப் போடுகிற நம் பிள்ளைகள், லீவில் ஊருக்கு வந்தால் ரிமோட் பேட்டரியைக் கழற்றி நேராகக் குப்பைவாளியில் வீசுகிறார்கள், அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை, வேறு எங்கே போடுவார்கள்?

இத்தனைக்கும் 2022-லேயே இங்கும் பேட்டரிக் கழிவு விதிகள் வந்துவிட்டன. தயாரிப்பவர்கள் திரும்பச் சேகரிக்க வேண்டும், நாமும் வீட்டுக் குப்பையோடு கலக்காமல் தனியாகக் கொடுக்க வேண்டும். சரி, யாரிடம் கொடுப்பது? எங்கள் கடைத்தெருவில் அதற்கு ஒரு டப்பாகூட இல்லை. உப்புக்காற்றில் பேட்டரியின் தகரம் சீக்கிரம் துருப்பிடித்து உள்ளே இருப்பது கசிகிறது, குப்பையைக் கொளுத்துகிற இடத்தில் லித்தியம் பேட்டரி கிடந்தால் வெடிக்கும், மிச்சம் மழையோடு மன்னார் வளைகுடாவுக்குத்தான்.

அதற்கொரு பெட்டி வரும்வரை பட்டன் பேட்டரியின் இரண்டு பக்கமும் டேப் ஒட்டி, மூடியுள்ள டப்பாவில் குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள். விழுங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்திலேயே உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும், உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். நகராட்சி, எலக்ட்ரிகல் கடைகளில் கடைக்கொரு பெட்டி வைத்து, மாதம் ஒருமுறை எடுத்துப்போனால்கூடப் போதும்.

ஒரு வாசகர்,
கீழக்கரை.