இரண்டாம் வரியோடு நிறுத்தினால் எப்படி?

ஆசிரியருக்கு வணக்கம்.

பிளஸ் டூ முடிவு வந்த மறுநாளே எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்ட் முன்னால் ஒரு தனியார் பயிற்சி மையம் பெரிய பிளக்ஸ் கட்டிவிட்டது. வரிசையாகப் பிள்ளைகளின் படம், கீழே மதிப்பெண், எல்லாவற்றுக்கும் மேலே கொட்டை எழுத்தில் 'தீதும் நன்றும் பிறர்தர வாரா'. (ரேங்க் பட்டியல் வெளியிடுவதை அரசு 2017-லேயே நிறுத்திவிட்டது, பிளக்ஸ்காரர்கள் நிறுத்தவில்லை.)

ஜெயித்தவன் தன் உழைப்பால் ஜெயித்தான், தோற்றவன் தன் தப்பால் தோற்றான், இதுதான் அந்த பிளக்ஸ் சொல்வது. தமிழாசிரியராக இருந்த நானும் பல வருஷம் இதே வரியைச் சொல்லித்தான் பிள்ளைகளை விரட்டியிருக்கிறேன், அதனால் அவர்களை மட்டும் குறை சொல்ல வரவில்லை.

புறநானூறு 192-ஆம் பாட்டு அது, மொத்தமே 13 வரி. 'யாதும் ஊரே' என்ற முதல் வரியை எல்லோரும் தனியாகத்தான் எடுத்துப்போகிறார்கள், 2019-இல் ஐ.நா. பொதுச் சபையில் பிரதமர் சொன்னதும் அதைத்தான், அதனால் பெரிதாக ஒன்றும் கெட்டுவிடவில்லை. பிளக்ஸில் தொங்கும் இரண்டாம் வரி அப்படி இல்லை, தனியாக எடுத்தால் பொருளே மாறிவிடுகிறது. சாவு புதிதல்ல, வாழ்வது இனிது என்று துள்ளவும் இல்லை, வெறுத்துக் கசந்துகொள்ளவும் இல்லை என்று சொல்லிக்கொண்டே வந்து, மழை கொட்டிக் கல்லில் மோதி இரைந்து ஓடும் பேராற்றில் நீர் போன போக்கில் போகும் தெப்பம் மாதிரி உயிரும் முறைவழியே போகிறது என்கிறார் கணியன் பூங்குன்றனார். 'முறை' என்பதற்கு ஊழ் என்று உரை சொல்வார்கள், இயற்கை ஒழுங்கு என்று கொள்பவர்களும் உண்டு. எதுவானாலும், தெப்பத்தில் இருப்பவன் ஆற்றையே நான்தான் ஓட்டினேன் என்று மார்தட்ட முடியாது.

அப்புறம் 'ஆகலின்' என்று ஒரு சொல் வருகிறது, பாட்டின் முடிச்சே அங்கேதான். இதைத் தெளிந்துகொண்டோம், ஆகையால் 'மாட்சியின் பெரியோரை வியத்தலும் இலமே, சிறியோரை இகழ்தல் அதனினும் இலமே'. பெரியவர்களைப் பார்த்து வாய்பிளப்பதும் இல்லை, சிறியவர்களை இகழ்வது அதைவிடவும் இல்லை. அந்த 'அதனினும்' என்ற சொல்லைக் கொஞ்சம் பாருங்கள். மதிப்பெண்ணுக்கு மேலே தொங்கவிட இந்தப் பாட்டுதானா கிடைத்தது?

படத்தில் இருக்கும் பிள்ளைகள் படிக்காமல் வரவில்லை, சரி. ஆனால் விடியற்காலையில் எழுப்பி டீ போட்டுக் கொடுத்த அம்மாவோ, பீஸ் கட்ட அடகுக்குப் போன நகையோ அந்தப் படத்தில் இல்லை. வீடுவீடாகப் பேப்பர் போட்டுவிட்டு அரைத்தூக்கத்தில் வகுப்புக்கு வந்து எப்படியோ பாஸான பையனையும் எனக்குத் தெரியும். அவனும் பஸ் ஏற அங்கேதான் வந்து நிற்கிறான், அந்த வரியைத்தான் படிக்கிறான்.

பூங்குன்றனாரின் ஊர் என்று சொல்லப்படும் மகிபாலன்பட்டி எங்கள் மாவட்டத்தில்தான் இருக்கிறது என்பதால் எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே உறைக்கிறது. உங்கள் மாணவர் பக்கத்தில் ஒருநாள் முழுப் பாட்டையும் எளிய உரையோடு போடுங்களேன், கால் பத்தி இடம் போதும்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
சிவகங்கை மாவட்டம்