பழைய ஆலயத்தை இடிக்கும் முன் அந்த அலமாரியைத் திறந்து பாருங்கள்

சபைக் கமிட்டியாருக்கும் போதகர் ஐயாவுக்கும் ஸ்தோத்திரம்.

அறுப்பின் பண்டிகை முடிந்ததும் பழைய ஆலயத்தை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப் போகிறோம் என்று அறிவித்தீர்கள். எனக்கு மறுப்பில்லை. ஓடு ஒழுகும் இடத்தில் வாளி வைத்துத்தான் எத்தனை மழைக்காலம் ஆராதனை நடத்துவது? நான் கேட்பது சாமான் அறையில் இருக்கும் மர அலமாரியைப் பற்றி.

மகளின் கல்யாண ஓலையை, அதாவது கல்யாண அறிவிப்பை, கோயிலில் வாசிக்க ஞானஸ்நானச் சான்று வேண்டியிருந்ததால் போன மாதம் அதைத் திறந்தேன். அடியில் கிடந்த பதிவேட்டின் ஓரத்தைக் கரையான் தின்றிருக்கிறது. மெதுவாகத்தான் புரட்டினேன், அப்படியும் உதிர்ந்தது. ஒரு பக்கத்தில் என் பாட்டியின் பெயர். ஞானஸ்நானம் பெற்றது 1101 சித்திரை. கொல்லம் ஆண்டு அது, இப்போதைய கணக்கில் 1926. இந்தக் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1-ல் அல்லவா, பாட்டி பிறந்த காலத்தில் நாம் திருவிதாங்கூர்தானே, அங்கே கொல்லம் ஆண்டுக் கணக்குதான். தகப்பன் தொழில் 'வயல் வேலை'. கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் பெருவிரல் ரேகை. அது என் பூட்டனுடையது. அதன்மேல் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

ஜெர்மன் லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு 1706-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கியதை எந்த விழா மலரிலும் படிக்கலாம். அமெரிக்காவின் மிசௌரி லுத்தரன் மிஷன் 1895-ல் கிருஷ்ணகிரிப் பக்கம் வேலையைத் தொடங்கி 1907-ல் நாகர்கோவிலுக்கு வந்ததும், 1924-ல் இங்கே கன்கார்டியா இறையியல் கல்லூரி தொடங்கியதும் புத்தகத்தில் இருக்கின்றன. அவை எங்கேயும் போய்விடாது. ஆனால் நம் சபை எப்படி வளர்ந்தது என்பது அந்த அலமாரியைத் தவிர வேறெங்கும் இல்லை.

அப்புறம் அந்த வரவு செலவு நோட்டு. ரூபாயும், அந்நாள் திருவிதாங்கூர்க் காசான சக்கரமுமாகக் கணக்கு ஓடுகிறது. பக்கத்துக்குப் பக்கம் 'பிடி அரிசி வகையில்' என்று வரவு. உலை வைக்கும் முன் ஒரு பிடி அரிசியைத் தனிக் கலயத்தில் போட்டுவைத்து, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கொண்டுபோன பெண்கள் கொடுத்தது. வீட்டில் கஞ்சிக்கே இழுபறியான மாதங்களிலும் அந்த வரி விடுபடவில்லை. பாட்டி சொல்வாள், ஓலைக் கொட்டகை ஓட்டுக் கட்டடம் ஆனது அந்த அரிசியில்தான் என்று. எழுத்து தெரியாதவள் அவள். கேள்வி பதிலாக விசுவாசத்தைக் கற்றுக்கொடுக்கும் லுத்தரின் சிறிய ஞானோபதேசத்தில் பத்துக் கட்டளையையும் விளக்கத்தோடு ஒப்பிப்பாள். 'இதற்கு அர்த்தம் என்ன?' என்று கேட்டு, தானே பதிலும் சொல்வாள்.

புது ஆலயத்தின் கல்லில் யார் யார் பெயர் வரும் என்று இப்போதே பேச்சு நடக்கிறது. பிரதிஷ்டை செய்யும் பெரியவர்கள், கமிட்டியார், நன்கொடை கொடுத்தவர்கள். சரி, இருக்கட்டும். பிடி அரிசி கொடுத்தவர்களுக்கும் அதில் ஒரு வரி வேண்டும். இதை நான் வேண்டுகோளாக அல்ல, உரிமையோடு கேட்கிறேன்.

முதல் கடப்பாரை விழும் முன் எல்லாப் பக்கங்களையும் படம் எடுத்துவிட வேண்டும். சபையில் எண்பது வயது தாண்டிய பாட்டிமார் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து கேட்டு எழுத வேண்டும். ஆண்களைவிட அவர்களுக்குத்தான் யார் வீட்டில் முதலில் ஜெபக்கூட்டம் நடந்தது, யார் மண் சுமந்தார்கள் என்பதெல்லாம் நினைவிருக்கிறது.

இதற்குக் கமிட்டி பணம் ஒதுக்க வேண்டாம். நானும் தம்பி மகனும் சனிக்கிழமைதோறும் வருகிறோம். அலமாரிச் சாவியை மட்டும் கோயில்பிள்ளையிடம் கொடுத்து வையுங்கள்.