வலது கைக்கு வேலை கொடு

அன்பு மகளுக்கு,

இங்கு அனைவரும் நலம். மேட்டூரில் ஜூன் 12 அன்றே தண்ணீர் திறந்ததால் நம் பக்கம் குறுவை நடவு முடிந்துவிட்டது. மற்ற செய்திகளை அம்மா தொலைபேசியில் சொல்லியிருப்பாள். நான் எழுத உட்கார்ந்தது பக்கவாதத்துக்குப் பின் மெலிந்துவிட்ட உன் வலது கையைப் பற்றி.

நான் விலங்கியல் நடத்திய காலத்துப் பாடநூல், மூளையில் அழிந்த நரம்பணு மீண்டும் உண்டாகாது என்பதோடு நின்றுவிடும். அழிந்ததற்கு அக்கம்பக்கம் இருப்பது என்ன செய்கிறது என்பது அதில் இராது. 1996ஆம் ஆண்டு ராண்டல்ஃப் நூடோ என்பவரின் குழுவினர் வெளியிட்ட ஆய்வை உனக்குச் சொல்ல வேண்டும். அணில் குரங்கு என்னும் சிறு குரங்குகளின் மூளையில், கையை இயக்கும் பகுதியில் சிறு சேதம் உண்டாக்கி, நல்ல கையைச் சட்டைக்குள் அடக்கிவிட்டு, மெலிந்த கையாலேயே சிறு குழிகளிலிருந்து தீனியை எடுக்கப் பழக்கினார்கள். பழகிய குரங்குகளில் மூளையில் சேதத்தை ஒட்டியிருந்த, கைக்குரிய பகுதி காப்பாற்றப்பட்டது. சிலவற்றில் அது முழங்கை, தோள்பட்டைக்குரிய இடத்திலும் பரவியது. பழக்காமல் விட்டவற்றிலோ, சேதமடையாமல் மிஞ்சியிருந்த கைப்பகுதியும் சுருங்கிப் போயிற்று. இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

சீமந்தத்துப் பந்தியில், இடது கையால் பரிமாற நேருமோ என்று நீ வாளியை வைத்துவிட்டு உள்ளே போனதை நான் பார்த்தேன். சில மாதங்களாக உன் செய்திகள் குரல் பதிவாகவே வருவதையும் கவனிக்காமல் இல்லை. பட்டுக்கோட்டைப் பெரியத்தையின் சங்கதி உனக்குத் தெரியும். அதை இங்கே எழுத மாட்டேன்.

2006இல் அமெரிக்காவில் பக்கவாதம் வந்து 3 முதல் 9 மாதங்கள் ஆன 222 பேரிடம் நடந்த ஆய்வில், ஒரு பிரிவினர் விழித்திருக்கும் நேரத்தில் 90 சதவீதம் நல்ல கைக்கு உறை மாட்டி, இரண்டு வாரம் மெலிந்த கையாலேயே வேலை செய்தார்கள். வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட அவர்கள் கை தேறியது. ஓராண்டு கழித்தும் அந்தத் தேர்ச்சி நிலைத்தது. மணிக்கட்டையும் விரல்களையும் ஓரளவு நிமிர்த்த முடிந்தவர்களுக்கே இம்முறை பொருந்தும். உன்னால் முடிகிறது, காப்பித் தம்ளரை நீ விட்டதைப் பார்த்தவர்கள் பலர், விடுவதற்கு முன் விரல்கள் விரிந்ததைப் பார்த்தவன் நான் ஒருவன்தான். ஆனாலும் பிசியோதெரபிஸ்டைக் கேட்காமல் கையைக் கட்டிக்கொள்ளாதே.

வீணையை உறையிலிருந்து எடுத்தாயா என்று கேட்கவில்லை. ஆராதனைப் பந்தலில் பஞ்சரத்தினத்துக்கு உன் சுண்டுவிரல் தாளத் தந்தியில் பிசகியதே இல்லை என்று இன்றும் இங்கே பேசுகிறார்கள். கை சோர்ந்த நாளில் மனத்துக்குள்ளாவது மீட்டு. 1995இல் பாஸ்குவல்-லியோன் என்ற மூளை ஆய்வாளர் செய்த ஆய்வில், நாளொன்றுக்கு இரண்டு மணி நேரமாக ஐந்து நாள் பியானோ பயின்றவர்களுக்கு விரல் தசைகளுக்கான மூளைப்பகுதி விரிந்தது. விரலை அசைக்காமல் வாசிப்பதாகக் கற்பனை மட்டும் செய்தவர்களுக்கும் அவ்வாறே விரிந்தது. ஆனால் வாசிப்பில் அவர்கள் சற்றுப் பின்தங்கினார்கள். ஆகவே அதையே சாக்காக வைத்துக்கொள்ளாதே. கையை உபயோகி. சட்டைப் பித்தானை அந்தக் கையால் போடு, கதவை அந்தக் கையால் திற, நேரமானால் ஆகட்டும்.

மாப்பிள்ளையிடம் தனியாக எதுவும் விசாரிக்கவில்லை, விசாரிக்கவும் மாட்டேன். பிசியோதெரபிக்குப் போய்க்கொண்டிருக்கிறாயா, நிறுத்திவிட்டாயா? அதை மட்டும் நீயே எனக்குச் சொல்.

அப்பா
திருவையாறு