பிடித்த கதையைப் பிரித்துப் படி

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய கதையை இரண்டு முறை படித்தேன். சொல்வதற்கு உன்னிடம் விஷயம் இருக்கிறது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. புதுமைப்பித்தன் மாதிரி எழுத வேண்டும் என்கிறாய். அவருடைய சொற்களும் கசப்பும் உன் பக்கங்களில் வந்துவிட்டன; அவர் கதையைக் கட்டும் விதம் வரவில்லை. பிடித்த எழுத்தாளரிடம் கற்கப் போகும் எல்லோருக்கும் முதலில் நேர்வது இதுதான். நடை தானாக ஒட்டிக்கொள்ளும், அமைப்பைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

தேடுவதற்குத் தொகுப்பு முழுவதும் வேண்டாம், ஒரு கதை போதும். அவருடைய 'செல்லம்மாள்' எடுத்துக்கொள். முதல் வாக்கியத்திலேயே அவள் மூச்சு ஒடுங்கிவிடுகிறது. அடுத்து என்ன ஆகும் என்ற கேள்வியை ஆசிரியரே தீர்த்துவைத்துவிட்டார். அப்புறமும் ஏன் நம்மால் கீழே வைக்க முடியவில்லை? ஒரு தாளின் தலைப்பில் இதை எழுதிக்கொள். கேள்வி இல்லாமல் மறுபடி படித்தால் ரசித்துவிட்டு எழுந்துவிடுவாய். கையில் ஒன்றும் தங்காது.

தாளில் மூன்று நெடுவரிசை வரும்படி கோடு போடு. முதலாவதில் என்ன நடக்கிறது, இரண்டாவதில் நமக்குப் புதிதாக என்ன தெரிகிறது, மூன்றாவதில் இன்னும் எது தெரியாமல் இருக்கிறது. கதையின் ஒவ்வொரு பத்திக்கும் ஒவ்வொரு வரி, அதற்கு மேல் எழுதாதே. காலம் பின்னால் போகும் இடத்தில் சிவப்புக் கோடு. புடவை பற்றிப் பேச்சு வரும் இடமெல்லாம் ஒரு புள்ளி. ஒரு மாலை முழுக்க ஆகும், அவசரப்படாதே.

முடித்ததும் மூன்றாவது நெடுவரிசையை மட்டும் மேலிருந்து கீழே படித்துப் பார். சாவு நடந்துவிட்டது என்று தெரிந்தபின், செல்லம்மாளும் அவள் கணவர் பிரமநாயகம் பிள்ளையும் எப்படி வாழ்ந்தார்கள் என்பதே கேள்வியாக மாறியிருக்கும். ஜவுளிக்கடைச் சம்பளம், ஊருக்குப் போகும் ஆசை, நோயாளிக்குச் செய்யும் சின்னச் சின்னப் பணிவிடை எல்லாம் அந்தக் கேள்விக்குப் பதில் தருகின்றன. முடிவு தெரிந்திருப்பதால்தான் அவள் ஆசைப்பட்டுச் சொல்லும் சாதாரணப் பேச்சுக்கூட நம்மைத் தைக்கிறது. உன் கதையில் அப்பாவின் நோயைக் கடைசிப் பக்கம்வரை ஒளித்துவைத்திருக்கிறாய். அதனால் முன்னால் வரும் நாலு பக்கமும் கனமில்லாமல் போகிறது. அந்தச் செய்தியை முதல் பத்திக்குக் கொண்டுவந்து பார், மற்ற வரிகளில் பாதியை மாற்றவே வேண்டியிருக்காது.

இன்னொன்றும் கவனி. பிரமநாயகம் பிள்ளையைக் கதைசொல்லி மரியாதை விகுதியோடுதான் சொல்கிறார். தமிழில் 'அவர்' என்பதா 'அவன்' என்பதா என்று முடிவெடுத்த உடனே, சொல்பவர் எவ்வளவு தள்ளி நிற்கிறார் என்பது தீர்மானமாகிவிடும். நீ முதல் பக்கத்தில் கடைக்காரரை 'வந்தார்' என்கிறாய், மூன்றாம் பக்கத்தில் 'சிரித்தான்' என்கிறாய். அவர்மேல் உன் பாத்திரத்துக்குக் கோபம் வந்ததால் மாற்றினாய் என்றால், கோபம் வந்த வாக்கியத்திலேயே மாற வேண்டும். இல்லையென்றால் கைத்தவறு என்றுதான் படிப்பவர் நினைப்பார்.

பிறகு ஒரு பக்கத்தைக் கையால் அப்படியே பார்த்து எழுது. தட்டச்சு வேண்டாம், விரல் முந்திக்கொள்ளும், கண் மேயும். அரைப்புள்ளி, பத்தி முறிவு உட்பட எதையும் விடாதே. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பிரதிகளில் நிறுத்தக்குறி பல இடங்களில் சிதைந்திருக்கும். ஆ. இரா. வேங்கடாசலபதி பதிப்பித்த காலச்சுவடு பதிப்பு நூலகத்தில் கிடைத்தால் அதைப் பார்த்து எழுது. எழுதும்போது வாக்கியங்கள் எதில் முடிகின்றன என்று பார். உன் பத்தி இப்படிப் போகிறது:

"அவள் பேருந்து நிலையத்துக்கு வந்தாள். பெட்டியைக் கீழே வைத்தாள். மணி பார்த்தாள். சோகமாகப் பெருமூச்சு விட்டாள்."

வினைமுற்று கடைசியில் வருவது நம் மொழியின் இயல்பு. அதனால் 'ஆள், ஆள்' என்று நான்கு முறை ஒரே ஓசை அடிக்கிறது. எச்சங்களால் கோத்து, ஒரு வாக்கியத்தை வினையே இல்லாமல் விட்டால் அது உடையும்:

"பெட்டியைக் கீழே வைத்துவிட்டு மணி பார்த்தாள். ஐந்தே முக்கால். திருநெல்வேலி வண்டி இன்னும் வரவில்லை."

'சோகமாக' போய்விட்டது பார், சோகம் போகவில்லை. கதை முழுவதிலும் 'ஆக' என்று முடியும் உணர்ச்சிச் சொற்களை வட்டமிடு. பெரும்பாலானவற்றை அடித்துவிடலாம். ஆனால் எச்சத்தை அளவுக்கு மீறி அடுக்காதே. நாலைந்து சேர்ந்தால் யார் எதைச் செய்தார்கள் என்று படிப்பவர் திரும்பிப் பார்க்க வேண்டிவரும்.

உரையாடலை உன் காதை நம்பி எழுது. நெல்லைக்காரப் பாட்டி 'செய்கிறாய்' என்று பேசமாட்டாள். அதற்காக எல்லாச் சொல்லையும் கொச்சையாக்காதே. வட்டார வழக்கு வினையிலும் விளியிலும் இருந்தால் மற்றதைப் படிப்பவர் தானே கேட்டுக்கொள்வார்.

இப்போது உன் முறை. 300 சொல், அதற்கு மேல் வேண்டாம். முதல் வாக்கியத்தில் முடிவைச் சொல்லிவிடு, இரண்டாம் பத்தியில் முந்தைய நாளுக்குப் போ, 'செல்லம்மாள்' கதையில் புடவை வருவதுபோல ஒரு பொருளை மூன்று இடத்தில் கொண்டுவா. இடம் நீ வேலை பார்க்கும் புனேவாக இருக்கட்டும். சாவு வேண்டாம், வேலை போனது, வீடு மாறியது என்று ஏதாவது எடுத்துக்கொள். சாவை எடுத்தால் அந்தக் கதையின் நிழல் உன்மேல் விழுந்துவிடும். அந்த மூன்று இடத்திலும் பொருள் ஒரே வேலையைச் செய்தால் இரண்டை எடுத்துவிடு. ஒவ்வொரு முறையும் அதைப் பற்றி நமக்கு வேறு ஏதோ தெரிய வேண்டும்.

எழுதி முடித்து இரண்டு வாரம் தொடாதே. பிறகு வாய்விட்டுப் படி. நாக்கு தடுக்கும் இடத்தில் வாக்கியம் நீளம், மனம் அலையும் இடத்தில் விளக்கம் அதிகம். கடைசிப் பத்தியைக் கையால் மறைத்துக்கொண்டு ஒரு முறை படி. கதை அதற்கு முன்னாலேயே முடிந்திருந்தால் அதை வெட்டிவிடு, தயங்காதே.

மூன்று நெடுவரிசைத் தாளையும் கதையோடு சேர்த்து அனுப்பு, அம்மாடி. எனக்கு முதலில் பார்க்க வேண்டியது அந்தத் தாள்தான்.

அன்புடன்,
அப்பா