நிரூபிக்கும் விதியைத் தளர்த்த நினைக்கும் மக்கள் பிரதிநிதிகளுக்கு ஒரு திறந்த மடல்

சட்டம் இயற்றும் அவைகளின் உறுப்பினர்களுக்கு,

வணக்கம். கொடூரமான ஒரு வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர் விடுதலையாகும்போதெல்லாம் உங்களில் யாராவது எழுந்து, 'சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும்' என்ற விதியைத் தளர்த்தச் சொல்கிறீர்கள். கோபம் புரிகிறது. ஆனால் விதியைத் தளர்த்தினால் உண்மையான குற்றவாளிதான் மாட்டுவான் என்று எப்படி நம்புகிறீர்கள்?

'ஆயிரம் குற்றவாளிகள் தப்பலாம், ஒரு நிரபராதி தண்டிக்கப்படக் கூடாது' என்பதைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. அந்த எண்ணிக்கையும் நிலையாக இருந்ததில்லை. 12-ஆம் நூற்றாண்டில் யூத அறிஞர் மைமோனிடிஸ் ஆயிரம் என்றார். 18-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயச் சட்ட அறிஞர் பிளாக்ஸ்டோன் பத்து என்றார். 1785-இல் அமெரிக்கத் தலைவர் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் நூறு என்று எழுதினார். ஏலம் மாதிரிதான் இருக்கிறது. இப்படி எண்ணிக்கையிலேயே நின்றுவிட்டால், குற்றவாளி தப்புவதும் நிரபராதி தண்டிக்கப்படுவதும் தனித்தனியான இரண்டு தவறுகள் என்று தோன்றிவிடும். பல வழக்குகளில் அப்படி இல்லை. நிரபராதியை உள்ளே தள்ளும்போதே உண்மையான ஆளை வெளியே விட்டுவிடுகிறோம். அவனைத் தேடவும் யாரும் போவதில்லை, கோப்பை மூடியாயிற்றே.

லண்டனில் டிமத்தி எவன்ஸ் தன் கைக்குழந்தையைக் கொன்றதாக 1950-இல் தூக்கிலிடப்பட்டார். அவருடைய மனைவியும் கொல்லப்பட்டிருந்தார். போலீஸிடம் எவன்ஸ் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் இருந்தது, சாட்சியும் இருந்தது. அந்த முக்கிய சாட்சி, அதே வீட்டின் கீழ்த்தளத்தில் குடியிருந்த ஜான் கிறிஸ்டி. 1953-இல் அந்த வீட்டில் மேலும் பல உடல்கள் கிடைத்தன. எவன்ஸைத் தூக்கிலிட்ட பிறகு மட்டும் கிறிஸ்டி 4 பெண்களைக் கொன்றிருந்தார், அதில் ஒருவர் அவருடைய சொந்த மனைவி. 1966-இல் எவன்ஸுக்கு மன்னிப்பு வழங்கினார்கள். செய்யாத குற்றத்துக்கு மன்னிப்பாம்!

தவறான விடுதலை லேசான விஷயம் என்று சொல்லவில்லை. இங்கிலாந்தில் பில்லி டன்லப் ஒரு பெண்ணைக் கொன்ற வழக்கில் 1991-இல் விடுதலையானார். பிறகு, தானே கொன்றதாக ஒப்புக்கொண்டார். ஒரே குற்றத்துக்கு இரண்டு முறை விசாரிக்கக் கூடாது என்ற விதி இருந்ததால், கொலைக்காக அவரைத் தொட முடியவில்லை. அந்தப் பெண்ணின் தாய் விடாமல் போராடினார். கடுங்குற்றங்களில் வலுவான புதிய ஆதாரம் கிடைத்தால் மறுபடி விசாரிக்கலாம் என்று 2003-இல் சட்டம் வந்தது. 2006-இல் டன்லப்புக்கு ஆயுள் தண்டனை. அந்தத் தாய் காத்திருந்த ஆண்டுகளை யாரும் திருப்பித் தர முடியாதுதான். ஆனாலும் அந்தத் தவறைத் திருத்த ஒரு வழி இருந்தது, அதற்காக நிரூபிக்கும் விதியில் யாரும் கை வைக்கவில்லை. எவன்ஸ் விஷயத்தில் அந்த வழியும் இல்லை. அதோடு, அவரைக் கொன்றது எவனோ ஒருவன் அல்ல. மக்களின் பெயரால் அரசு.

சரி, என்ன செய்யலாம்? வழக்குகள் ஏன் தோற்கின்றன என்று முதலில் பாருங்கள். தடயங்களைச் சரியாகச் சேகரிக்காமல் விட்டிருப்பார்கள், சாட்சி பயந்து பின்வாங்கியிருப்பார், ஆய்வக அறிக்கை தாமதமாக வந்திருக்கும். பணத்தை அங்கே ஒதுக்குங்கள். போலீஸ் விசாரணையை முதலிலிருந்து கடைசிவரை வீடியோவில் பதிவு செய்யச் சட்டம் போடுங்கள். தண்டனை கொடுத்த பிறகும் டிஎன்ஏ மாதிரிகளை அழிக்காமல் வைக்கச் சொல்லுங்கள். பின்னாளில் நிரபராதியை வெளியே கொண்டுவரவும், உண்மையான குற்றவாளியைப் பிடிக்கவும் அவைதான் உதவும்.

இவ்வளவுக்குப் பிறகும் விதியைத் தளர்த்தியே தீருவோம் என்றால், அதே மசோதாவில் இன்னொரு பிரிவையும் சேருங்கள்: தவறாகத் தண்டிக்கப்பட்டவருக்கு யார், எவ்வளவு, எத்தனை நாளுக்குள் இழப்பீடு கொடுப்பது என்று.

இப்படிக்கு,
ஒரு வாக்காளர்