கதவில் தொங்கிய குடை

ஆயர் ஈத்தாம், பினாங்கு

அன்புத் தோழிக்கு,

உன் முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்றறிந்து நிம்மதி. இவ்வாண்டும் பத்துமலை முருகனைக் கீழிருந்தே கும்பிட்டுக்கொள்; 272 படிகளும் எங்கும் போய்விடமாட்டா.

தொடக்கப்பள்ளி இரண்டாம் ஆண்டில் பயிலும் உன் பேத்தி பாடத்தைத் தங்குதடையின்றி வாசித்தும், கருத்துணர்தல் தாளை வெறுமையாகக் கொடுத்துவிடுகிறாள் என்றும், அவளுக்கு ஒன்றும் புரியவில்லையோ என்றும் கவலைப்பட்டிருந்தாய். வாசிப்பு வேறு, புரிதல் வேறு என்பது நாம் அறிந்ததுதான். புரிந்ததை எழுதிக் காட்டுவது மூன்றாவதான தனித்திறன் என்பதை நான் ஓய்வுபெறும் தறுவாயில்தான் உணர்ந்தேன்.

‘டொம்பன் லிப்பியை மிட்டலில் வைத்தான்’ என்று எழுதி, டொம்பன் யாரை எதில் வைத்தான் என்று கேட்டுப் பார். பொருளே இல்லாத வாக்கியத்துக்குப் பிள்ளைகள் முழுப் புள்ளிகள் வாங்கிவிடுவார்கள்; வேற்றுமை உருபே விடையைக் காட்டிக்கொடுத்துவிடும். முதல் மூன்று ஆண்டுகளுக்கான தேர்வுகள் 2019இல் நீங்கி, 2021இல் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் எழுதிவந்த யூ.பி.எஸ்.ஆர் பொதுத்தேர்வும் போன பின்னரும், நாம் இத்தகைய பயிற்சித்தாள்களையே நம்பிக்கொண்டிருப்பது எனக்கு வியப்பாக இருக்கிறது.

என் வகுப்பில் ஒரு சிறுவன் இருந்தான். அம்மா சொல்லியும் கேளாமல் படகுத்துறைக்குச் சென்ற ஒருவன் மழையில் நனைந்த கதையை வாசித்துவிட்டு, ஒரு வரிகூட எழுதாமல் பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தான். வரையச் சொன்னேன். படகுத்துறையில் ஈரச் சட்டையோடு ஒருவன். தாளின் மறுமூலையில் ஒரு வீடு, அதன் கதவில் தொங்கும் குடை. அம்மா என்ன சொன்னார், குடை எங்கே என்பவை பாடத்தில் இல்லவே இல்லை. “கொடைய எடுத்துட்டுப் போன்னு அம்மா சொன்னாங்கல்ல, டீச்சர்” என்றான். அந்தக் ‘கொடை’யைத் திருத்த வாயெடுத்து, நல்லவேளையாக அடக்கிக்கொண்டேன், திருத்தியிருந்தால் அதோடு பேச்சை நிறுத்தியிருப்பான்.

எல்லாப் பிள்ளைக்கும் படம் வராது. உன் பேத்தி வாயாடி என்பதால் அவளைக் கதை சொல்லவிடு, ஆனால் உன்னிடம் வேண்டாம். கூடவே இருந்து வாசித்த பாட்டிக்குக் கதை தெரியும் என்பது அவளுக்கும் தெரியும். பிறகு எதற்காக மெனக்கெட்டுச் சொல்வாள்? கதை கேளாத தாத்தாவிடம் அனுப்பு. அவள் சொல்லி முடித்ததும், அவர் வேண்டுமென்றே நிகழ்ச்சிகளை முன்பின்னாக மாற்றிச் சொல்லட்டும். அவள் குறுக்கிட்டுத் திருத்துகிறாளா என்று பார். திருத்தினால், அது புத்தகத்தில் எங்கே இருக்கிறது என்று காட்டச் சொல். நினைவிலிருந்து ஒப்பிக்கிறாளா, புரிந்து சொல்கிறாளா என்பது அப்போது தெரிந்துவிடும். அவள் யோசிக்கும்போது நீ அடியெடுத்துக் கொடுத்துவிடாதே. உன் பழைய பழக்கம் எனக்குத் தெரியும்.

சொன்னதை அவளே பிறகு ஒரு வரியாக எழுதட்டும், எழுத்துப்பிழையோடு இருந்தாலும் பரவாயில்லை. அந்த வரியை அப்படியே எனக்கு அனுப்பிவை. பள்ளி விடுமுறையில் அவளை இங்கே அழைத்து வந்தால், பட்டர்வொர்த்திலிருந்து படகிலேயே வாருங்கள்.

அன்புடன்,
உன் பழைய விடுதித் தோழி