எட்டுக்கால் பூச்சிக்கு மூணு வேளை சாப்பாடு வேண்டாங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன ஞாயிறு இணைப்புல டரான்டுலாங்கிற பெரிய முடிச் சிலந்திய வீட்ல வளர்க்கிறதப் பத்தி ஒரு கட்டுரை போட்டிருந்தீங்க. நான் இங்க இங்கிலாந்துல லெஸ்டர்ல இருக்கேன், காலையில டீய வெச்சுக்கிட்டு போன்ல உங்க ஈ-பேப்பர் படிக்கிறது பல வருஷப் பழக்கம், அன்னைக்கு அந்தக் கட்டுரைய படிச்சு முடிக்கிறதுக்குள்ள டீ ஆறிப்போச்சு. தினமும் இரை போடணுமாம், எலிக்குட்டி பல்லி எல்லாம் குடுத்தா நல்லா கொழுகொழுன்னு வளருமாம். யார் சொன்னாங்களோ தெரியல, இத நம்பி எவனாவது செஞ்சா அந்த ஜீவன் சீக்கிரமே போய்ச் சேந்துடும், அதான் எழுதுறேன்.

எங்க வீட்ல அஞ்சு வருஷமா மரத்துல வாழுற ஜாதி டரான்டுலா ஒண்ணு இருக்கு. தென் அமெரிக்கா பக்கத்து ஜாதி, பேரு அவிகுலேரியா அவிகுலேரியா. காட்டுல புடிச்சது இல்ல, இங்கயே ஒருத்தர் வீட்ல பொரிச்ச குட்டி, விரல் நகம் அளவுல வாங்கிட்டு வந்தோம். அப்ப உடம்பு ரோஸா, கால் நுனி மட்டும் கறுப்பு. வளர வளர அப்படியே தலைகீழா மாறிடுச்சு, இப்ப உடம்பு கருகருன்னு முடியோட, எட்டு கால் நுனியும் மருதாணி வெச்ச மாதிரி ரோஸ். பொண்ணு அதுக்கு பஞ்சுன்னு பேரு வெச்சிருக்கா.

குட்டியா இருந்தப்ப மூணு நாலு நாளைக்கு ஒருக்கா சில்வண்டோட கால் ஒண்ண ஒடிச்சு வலை மேல வெச்சா போதும், அதையே ராத்திரி பூரா உறிஞ்சிக்கிட்டு கெடக்கும். இப்ப பெருசாயிட்டதால பத்து நாளைக்கு ஒண்ணு, சில சமயம் ரெண்டு வாரம் கூட ஆகும். கஞ்சத்தனம் இல்லங்க. அது ஓடியாடுற பிராணி இல்ல, நாள் பூரா குழாய் மாதிரி தானே பின்னுன வலைக்குள்ள உக்காந்திருக்கும், நம்மள மாதிரி உடம்புச் சூட்டக் காக்கறதுக்குன்னு சாப்பாட்ட எரிக்கவும் வேண்டியதில்ல. வயிறு உருண்டு திரண்டு இருந்தா போதும், பலூன் மாதிரி ஊதிட்டா ஆபத்து, கண்ணாடியில ஏறும்போது தவறி விழுந்து வயிறு வெடிச்சுச் செத்த கதையெல்லாம் உண்டு.

இரை போடுறதுலயும் தரையில இருக்கிற ஜாதிக்கும் மரத்து ஜாதிக்கும் வித்தியாசம் இருக்கு, இத உங்க கட்டுரையில ஒரு வரி கூட சொல்லல. பெட்டிக்குள்ள சும்மா சில்வண்டத் தூக்கிப் போட்டா அது நேரா கீழ போயி மரப்பட்டைக்கு அடியில ஒளிஞ்சிக்கும், நம்மாளு மேலயே உக்காந்திருப்பாரு, ரெண்டும் சந்திக்கவே சந்திக்காது. புழு போட்டா இன்னும் மோசம், தேங்காய் நார்த்தூளுக்குள்ள புதைஞ்சிடும் (அந்த நார்த்தூள செங்கல் மாதிரி அழுத்தி இங்க விக்கிறாங்க, பாக்கெட்ட திருப்பிப் பாத்தா இந்தியான்னு போட்டிருக்கு, நம்ம ஊர்ல உரிச்சுப் போடுறத இங்க பவுண்டு குடுத்து வாங்குறேன்). அதனால நான் நீள இடுக்கியில ஒரு சின்ன வெட்டுக்கிளியோட பின்னங்காலப் புடிச்சு, ராத்திரி லைட்டக் கொறைச்சிட்டு, வலைக் குழாயோட வாசல்ல லேசாத் தொடுற மாதிரி காட்டுவேன். வெட்டுக்கிளி ஒரு உதறு உதறும், வலை அதிரும். கொஞ்ச நேரம் ஒண்ணுமே நடக்காது. அப்புறம் உள்ளேருந்து ரெண்டு ரோஸ் கால் நுனி மெதுவா வெளிய வந்து வலைய தட்டிப் பாக்கும், அடுத்த நொடி இடுக்கியில ஒண்ணும் இருக்காது. அஞ்சு வருஷத்துல அந்தப் பாய்ச்சல நான் ஒருக்கா கூட ஒழுங்காப் பாத்ததில்ல, அவ்வளவு வேகம்.

சாப்பிடுறதும் முழுங்கறது கிடையாது. கடிச்சுக் கசக்கி ஜீரண நீர இரை மேலயே விட்டு, கூழாக்கி உறிஞ்சும். மறுநாள் காலையில சீயக்கா உருண்டை மாதிரி ஒரு சக்கை கீழ கெடக்கும், அத எடுத்துடணும், இல்லாட்டி பூஞ்சை புடிச்சு நாத்தம் வரும். இப்ப யோசிங்க, ஒரு வெட்டுக்கிளி சக்கைக்கே இந்தக் கதின்னா எலிக்குட்டியோட தோலும் எலும்பும் அந்தச் சின்னப் பெட்டிக்குள்ள என்ன ஆகும். நீங்க தலைப்புல குருவி தின்னும் சிலந்தின்னு போட்டதும் பழைய கதைதான். மரியா சிபில்லா மெரியன்னு பூச்சிகள வரையுற ஒரு அம்மா தென் அமெரிக்காவுல இருக்கிற சுரினாம் போயி வந்து 1705ல போட்ட புத்தகத்துல கொய்யாமரத்துல சிலந்தி ஒரு ஹம்மிங் பறவையப் புடிச்சுத் தின்னுற மாதிரி வரைஞ்சிருந்தாங்க, உயிரினங்களுக்கு அறிவியல் பேர் வெச்ச லின்னேயஸ் 1758ல இதுக்கு வெச்ச அவிகுலேரியாங்கிற பேர்லயும் (லத்தீன்ல குருவியச் சொல்ற வார்த்தைலேருந்து வந்தது) குருவி ஒட்டிக்கிச்சு. வீட்ல வளர்க்கிறதுக்கு பூச்சி தாராளமாப் போதும். அதுவும் தோட்டத்துல புடிச்சத போடாதீங்க, மருந்து அடிச்ச செடியத் தின்ன பூச்சியா இருந்தா அதோட முடிஞ்சுது.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வரேன். சாப்பிடலன்னா விட்டுடுங்க. எங்கம்மா திண்டுக்கல்லேருந்து ஆறு மாச விசாவுல வந்திருந்தப்ப பஞ்சு மூணு வாரமா எதையும் தொடல, சட்டை உரிக்கிறதுக்கு முன்னாடி அப்படித்தான், வயிறு கறுத்து மினுமினுங்கும், வலைய அடைச்சிக்கும். அம்மாவுக்கு அது புரியல. வாயில்லா ஜீவன பட்டினி போடுறியேடி பாவம் சுத்தும்னு தினமும் பாட்டு. நான் நைட் ஷிப்டு போன அன்னைக்கு அவங்களே மூடியத் தொறந்து ரெண்டு சில்வண்ட உள்ள விட்டிருக்காங்க. அன்னைக்கு ராத்திரிதான் பஞ்சு மல்லாக்கப் படுத்து சட்டை உரிச்சிருக்கு. அந்த நேரத்துல உடம்பு வெண்ணெய் மாதிரி இருக்கும், பல்லு கூட பால் வெள்ளையா மெத்துன்னு இருக்கும், எதையும் கடிக்க முடியாது, ஆனா சில்வண்டு கடிக்கும். காலையில நான் கதவத் தொறக்கும்போதே அம்மா ஓடி வந்து, குட்டி போட்டிருக்குடி, ரெண்டா இருக்குன்னாங்க. ஒண்ணு உரிச்சுப் போட்ட சட்டை. இன்னொன்னுல ஒரு கால் இல்ல.

அம்மா அன்னைக்கு சாப்பிடல. நல்லவேளை, அடுத்த தடவ சட்டை உரிச்சப்ப அந்த எடத்துல குச்சி மாதிரி ஒரு கால் மொளைச்சுது, அதுக்கடுத்த தடவ கிட்டத்தட்ட மத்த கால் அளவுக்கு வந்துடுச்சு. அதனால சொல்றேன், போட்ட இரைய ஒரு நாளைக்குள்ள தொடலன்னா வெளிய எடுத்துடுங்க, சட்டை உரிச்சா பல்லு கறுப்பாகுற வரைக்கும் ஒரு பத்து நாளாவது எதுவும் போடாதீங்க, தண்ணி மட்டும் வலை மேல ரெண்டு துளி தெளிச்சா வந்து குடிச்சிக்கும். பெட்டிய ஈரமா மூடியே வைக்கணும்னு போட்டிருக்கீங்களே, அதுவும் தப்பு, மரத்து ஜாதிக்கு காத்து ஓடணும், புழுக்கத்துல இந்த ஜாதி ஒண்ணு ரெண்டு இல்ல, ஏகப்பட்டது செத்திருக்கு.

கடைசியில, நம்ம காட்டுலயே கிடைக்கும்னு ஒரு வரி போட்டீங்க பாருங்க, அதுதான் எனக்கு ரொம்பக் கோவம். கிடைக்கும், நம்ம ஊரு பொய்சிலோதீரியா ஜாதி. ஆந்திராவுல கூட்டிங்கிற ஊர்ல ரயில்வே மரக்கிடங்குல கெடைச்ச நீலக்கலர் சிலந்திக்கு 1899ல பேர் வெச்சாங்க, அப்புறம் நூறு வருஷம் கழிச்சு 2001லதான் திரும்பக் கண்ணுல பட்டுது. ராமேஸ்வரத்துல இருக்கிற ஒரு ஜாதிக்கு அங்க உள்ள அனுமார் கோயில் பேரையே 2004ல வெச்சிருக்காங்க. ரெண்டுமே அழியுற நெலைமையில இருக்கு. இந்த ஜாதி மொத்தத்தையும் 2019ல சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியல்ல சேத்துட்டாங்க. போதாததுக்கு பஞ்சு மாதிரி சாதுவும் இல்ல, கடிச்சா நாள் கணக்குல தசை புடிச்சு இழுக்கும். அந்த வரிக்காவது அடுத்த ஞாயிறு ஒரு திருத்தம் போடுங்க.

இப்ப பஞ்சு மறுபடியும் வலைய அடைச்சிக்கிட்டு பதினெட்டு நாளாச்சு. நேத்து அம்மா போன்ல, சாப்பிட்டுச்சான்னு கேட்டாங்க. இல்லம்மான்னேன். சரி சரி, ஒண்ணும் போட்டுடாதன்னாங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
லெஸ்டர், இங்கிலாந்து